சர்க்கரையும் இதயமும்: ஒரே உடம்புக்கு ஒரே மருத்துவக் குழு

சர்க்கரை நோயும் இதய நோயும் சேர்ந்து இருப்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் இரண்டு ஃபைல்கள் இருக்கும். சர்க்கரை மருத்துவரிடம் போகும்போது ஒன்று, இதய மருத்துவரிடம் போகும்போது இன்னொன்று. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடினால், கண் மங்கினால், பாதம் மரத்துப்போனால் ஃபைல்கள் மூன்று, நான்கு என்று பெருகும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒழுங்காகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மேசையில் விரித்து வைத்து யாராவது படித்திருக்கிறார்களா என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும். பல வீடுகளில் அந்த வேலையை நோயாளியோ அவருடைய மகளோ மகனோதான் செய்துகொண்டிருப்பார்கள், அதுவும் மருத்துவப் படிப்பு இல்லாமல்.

அந்த வேலையை மருத்துவமனையே பொறுப்பேற்றுச் செய்வதுதான் குழு சிகிச்சை. இதய மருத்துவர், சர்க்கரை நோய் நிபுணர், தேவைப்பட்டால் சிறுநீரக மருத்துவர், நர்ஸ், உணவியல் நிபுணர், மருந்தாளுநர் ஆகியோர் ஒரே திட்டத்தின்படி ஒரே நோயாளியைப் பார்க்கிறார்கள். எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. மருந்துப் பட்டியல் ஒன்றாக இருக்க வேண்டும், இலக்குகள் ஒன்றாக இருக்க வேண்டும், 'இவருக்கு நான் பொறுப்பு' என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த மூன்றில் கடைசியானதுதான் உயிர்நாடி. ஐந்து நிபுணர்களை மாறி மாறிப் பார்த்தும் யாரும் முழுப் பொறுப்பு ஏற்கவில்லை என்றால் அது குழு சிகிச்சை ஆகாது. அலைச்சல்தான் மிச்சம்.

இரண்டும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் ரத்தக் குழாய்களின் உள்சுவர் பழுதடைகிறது. வழவழப்பாக இருக்க வேண்டிய அந்தச் சுவரில் கொழுப்பு எளிதாகப் படியத் தொடங்குகிறது. இரண்டாம் வகை சர்க்கரை நோயில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடும், நல்ல கொழுப்பு என்று சொல்கிற ஹெச்டிஎல் குறையும். ரத்த அழுத்தமும் பெரும்பாலும் கூடவே வரும். சிறுநீரகம் பழுதடைய ஆரம்பித்தால் அழுத்தம் இன்னும் ஏறும், உடம்பில் உப்பும் நீரும் தேங்கும், இதயத்துக்குச் சுமை கூடும். இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். ஒரே வண்டியில் பூட்டிய மாடுகளைப் போல ஒன்று இடறினால் மற்றதும் இழுபடும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சர்க்கரை நோயால் இதயத்துக்கு வரும் ஆபத்து ரத்தக் குழாய் அடைப்போடு நிற்பதில்லை. அடைப்பே இல்லாதவர்களுக்கும் இதயத் தசை விறைத்துத் தளர்ந்து ஹார்ட் ஃபெயிலியர் வரலாம். உடம்புக்குத் தேவையான ரத்தத்தை இதயத்தால் சரியாகச் செலுத்த முடியாமல் நுரையீரலிலும் காலிலும் நீர் சேரும் நிலை அது. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1974-லேயே இதைச் சொல்லிவிட்டது. சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு என்று அந்த ஆய்வில் தெரிந்தது.

அப்புறம், நரம்புகள். நீண்ட நாள் சர்க்கரை நோய் இதயத்துக்குப் போகும் நரம்புகளையும் மழுங்கடிக்கும். அதனால் சிலருக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வந்து போகும். வேறு எதற்கோ ஈசிஜி எடுக்கும்போதுதான், பழைய மாரடைப்பின் தடம் இருப்பதாகத் தெரியவரும். 'சும்மா ஒரு களைப்பு, கொஞ்சம் மூச்சு வாங்குகிறது' என்று இவர்கள் சொல்வதைச் சர்க்கரை மருத்துவர் சாதாரணக் களைப்பாக எடுத்துக்கொண்டால் ஒரு முக்கியமான எச்சரிக்கை கைநழுவிப் போகும்.

சர்க்கரை அளவைக் குறைத்தால் போதாதா?

நீண்ட காலம் மருத்துவ உலகமே அப்படித்தான் நம்பியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யை எவ்வளவுக்குக் குறைக்கிறோமோ அவ்வளவுக்கு இதயத்துக்கு நல்லது என்ற எண்ணம் இருந்தது. அதைச் சோதிக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த 'அக்கார்டு' ஆய்வில், 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோக முயன்ற பிரிவில் இறப்பு கூடுதலாக இருந்தது. 2008-இல் அந்தத் தீவிர சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் தேவையில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைக் காக்க அது கட்டாயம் வேண்டும். ஆனால் இதயம் பழுதானவரிடம் அந்த ஓர் எண்ணை மட்டும் துரத்திக்கொண்டு போனால் லோ சுகர் போன்ற ஆபத்துகள் வந்து சேரும்.

பெரிய திருப்பம் 2015-இல் வந்தது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை, ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களிடம் இதயம், ரத்தக் குழாய் சார்ந்த இறப்பை 38 சதவீதமும் ஹார்ட் ஃபெயிலியருக்காக மருத்துவமனையில் சேர்வதை 35 சதவீதமும் குறைத்ததாக ஒரு பெரிய ஆய்வு காட்டியது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மருந்து இது. அடுத்த ஆண்டே ஜிஎல்பி-1 என்ற இன்னொரு சர்க்கரை மருந்து வகையைச் சேர்ந்த லிராகுளுடைடு ஊசி, மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 13 சதவீதம் குறைத்ததாகத் தெரிந்தது. 2019-இல் எஸ்ஜிஎல்டி2 வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின் இன்னும் ஒரு படி மேலே போனது. சர்க்கரை நோயே இல்லாத ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளுக்கும் அது பலன் தந்தது.

இவ்வளவு நல்ல மருந்துகள் வந்தும் அவை தேவைப்பட்ட பலரைப் போய்ச் சேரவில்லை. காரணம் எளிது. இதய மருத்துவருக்கு அது 'சர்க்கரை மாத்திரை', அதில் அவர் கை வைக்கத் தயங்குவார். சர்க்கரை மருத்துவர், நோயாளியின் ஹெச்பிஏ1சி 6.8 என்று பார்த்துவிட்டு, 'கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது, எதற்குப் புதிய மருந்து' என்று விட்டுவிடுவார். இருவருமே அவரவர் துறையில் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். நடுவில் நோயாளிக்கு உயிர்காக்கும் மருந்து கிடைக்காமல் போகிறது. குழு சிகிச்சை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இந்த இடைவெளியை அடைக்க முடியுமா என்று அமெரிக்காவில் 43 இதய மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. பெயர் 'கோஆர்டினேட் டயாபடீஸ்', முடிவு 2023-இல் வெளியானது. இரண்டாம் வகை சர்க்கரையோடு ரத்தக் குழாய் அடைப்பு நோயும் உள்ள ஆயிரத்துச் சொச்சம் பேர் அதில் இருந்தார்கள். சில இடங்களில் வழக்கமான முறை தொடர்ந்தது. மற்ற இடங்களில் எங்கே தடை இருக்கிறது என்று பார்த்து, யார் எந்த மருந்தைத் தொடங்குவது, யார் பின்தொடர்வது என்று வழிமுறை வகுத்து, எத்தனை பேருக்கு இந்த மருந்துகளை எழுதினார்கள் என்ற கணக்கை மருத்துவர்களுக்கே அவ்வப்போது காட்டினார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் தீவிர அளவில், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ஏஸ் அல்லது ஏஆர்பி வகை மருந்து, மேலே சொன்ன இரண்டு புதிய வகைகளில் ஒன்று ஆகிய மூன்றும் எழுதித் தரப்பட்டவர்கள் வழக்கமான இடங்களில் 14.5 சதவீதம். ஒருங்கிணைத்த இடங்களில் 37.9 சதவீதம். இதற்காகப் புதிய கருவியோ புதிய மருந்தோ வரவில்லை, வேலையைப் பங்கிட்ட விதம்தான் மாறியது. அப்படியும் பாதிப் பேரைக்கூட எட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். போக வேண்டிய தூரம் இன்னும் நிறைய இருக்கிறது.

ஒரு மாத்திரைப் பையைத் திறந்து பார்ப்போம்

ஓர் உதாரணம். அறுபதைத் தாண்டிய ஒரு பெண். பதினைந்து ஆண்டாகச் சர்க்கரை, முன்பே ஒரு ஸ்டென்ட். மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்ந்தார், ஹார்ட் ஃபெயிலியர் என்று சொல்லி சிகிச்சை தந்து அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் நீரை வெளியேற்ற ஃப்யூரோசமைடு, இதயத் துடிப்பைத் தணிக்கும் ஒரு பீட்டா பிளாக்கர், ஓர் ஏஆர்பி, ஸ்டாட்டின், ஆஸ்பிரின், புதிதாக டாபாகிளிஃப்ளோசின். வீட்டில் ஏற்கெனவே சர்க்கரை மருத்துவர் கொடுத்த கூட்டு மாத்திரை இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் என்று மூன்று பெயர்கள்.

மருந்தாளுநர் முதலில் பிடிப்பது பயோகிளிட்டசோனைத்தான். அது உடம்பில் நீரைத் தேக்கும், ஹார்ட் ஃபெயிலியர் வந்தவருக்கு ஆகாது. ஒரு பக்கம் நீரை வெளியேற்ற மாத்திரை, மறு பக்கம் நீரைத் தேக்கும் மாத்திரை! கூட்டு மாத்திரையின் வியாபாரப் பெயரில் அது ஒளிந்திருப்பதால் அவசரத்தில் யார் கண்ணிலும் படாது.

அடுத்து கிளிமிபிரைடு. தனியாகவே சர்க்கரையைத் தாழ்த்தக் கூடியது. புதிய மருந்தும் சேர்ந்து, மருத்துவமனையிலிருந்து வந்த களைப்பில் சாப்பாடும் குறைந்தால் லோ சுகர் வரலாம். அந்த நேரம் பார்த்து, படபடப்பு, கை நடுக்கம் போன்ற எச்சரிக்கைகளைப் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் அது மறைக்காது. அதனால் காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பார்க்கச் சொல்லி நர்ஸ் கற்றுத் தருவார். தாழ்ந்திருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கிளிமிபிரைடு அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பது சர்க்கரை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் இதய மருத்துவர் என்ன சேர்த்தார் என்று அவருக்கு அன்றே தெரிந்தால்தான் அந்த முடிவு நேரத்துக்கு வரும்.

ஃப்யூரோசமைடும் டாபாகிளிஃப்ளோசினும் சேர்ந்தால் சிறுநீர் அதிகம் போய்த் தலைசுற்றலாம். ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் தொடங்கிய புதிதில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் கொஞ்சம் குறைந்ததாக ரிப்போர்ட் காட்டும். இது எதிர்பார்த்த மாற்றம்தான், நீண்ட காலத்தில் இதே மருந்து சிறுநீரகத்தைக் காக்கிறது. விவரம் தெரியாத வேறொருவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'கிட்னியைக் கெடுக்கிறது' என்று நிறுத்திவிட்டால் இத்தனை பாடும் வீண். சிறுநீரக மருத்துவரின் ஒரு வரிக் குறிப்பு இங்கே அந்த மருந்தைக் காப்பாற்றும்.

கடைசியாகப் பையின் அடியில் முழங்கால் வலிக்காகக் கடையில் தானே வாங்கிய இபுபுரூஃபன். எந்த ஃபைலிலும் அது இல்லை, ஏனென்றால் யாரும் எழுதித் தரவில்லை. இதுவும் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். இதனால்தான் நல்ல குழுக்கள் மருந்துச்சீட்டை மட்டும் கேட்பதில்லை, வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கின்றன.

குழுவில் யார் என்ன செய்கிறார்கள்?

மருத்துவர்களின் வேலை ஓரளவு தெரிந்ததுதான். நர்ஸைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் குழுவை உண்மையில் நடத்துவது அவர்தான். வீட்டுக்குப் போன ஒரு வாரத்தில் போன் செய்து, 'எடை எவ்வளவு, கால் வீங்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா' என்று கேட்பார். ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்கள் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அப்போதே சொல்லிவிட்டால் மருந்தின் அளவைக் கூட்டுவதோடு முடிந்துவிடலாம். சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் மறுபடி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிவரும்.

உணவியல் நிபுணர் தீர்த்து வைக்கும் சிக்கல் வேறு மாதிரி. சர்க்கரைக்கு ஒரு தடைப் பட்டியல், பிரஷருக்கு உப்புக் குறைப்பு, கொழுப்புக்கு இன்னொரு பட்டியல், பொட்டாசியம் கூடினால் பழமும் காயும்கூடக் கட்டுப்பாடு. நான்கு தாளையும் சேர்த்து வைத்தால் சாப்பிட ஒன்றுமே மிஞ்சாது. மனுஷன் நொந்துபோய் எல்லாத் தாளையும் தூக்கிப் போட்டுவிடுவான். எது இப்போது முக்கியம், எதைத் தளர்த்தலாம் என்று முடிவு செய்து ஒரே உணவுத் திட்டமாக ஆக்கித் தருவது பெரிய வேலை.

உடற்பயிற்சியை மேற்பார்வையில் தொடங்க இதய மறுவாழ்வுப் பயிற்சியாளர், புகையை விட உதவும் ஆலோசகர், பாதத்தையும் கண்ணையும் பார்ப்பவர்கள் என்று தேவைக்கேற்பச் சேர்வார்கள். மனநிலையையும் யாராவது கேட்க வேண்டும். இரண்டு நாள்பட்ட நோய்களைச் சுமப்பவர்களிடம் மனச்சோர்வு அதிகம். சோர்ந்துபோனவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

இலக்குகளையும் குழு ஒன்றாக வைத்துக்கொள்ளும். பலருக்கு ஹெச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழே, ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே, இதய நோய் உறுதியானவர்களுக்கு கெட்ட கொழுப்பு என்று சொல்கிற எல்டிஎல் 55-க்குக் கீழே என்பது இன்றைய வழிகாட்டல். ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், அது 30-ஐத் தாண்டினால் சிறுநீரகம் மட்டுமல்ல, இதயத்துக்கும் எச்சரிக்கை. வயதானவர், தனியாக இருப்பவர், அடிக்கடி லோ சுகர் வருபவர் ஆகியோருக்கு ஹெச்பிஏ1சி இலக்கைத் தளர்த்துவதே நல்லது. ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணையே அப்படியே நம்ப முடியாது. ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைபாடு சாதாரணமாக வருவதால் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இதனால் ஆயுள் கூடுமா?

கூடும் என்பதற்கு டென்மார்க்கில் ஒரு வலுவான சான்று உண்டு. கோபன்ஹேகன் அருகே ஸ்டெனோ நீரிழிவு மையத்தில் 1993-இல் 160 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் இரண்டாம் வகை சர்க்கரை, சிறுநீரில் ஆல்புமின் கசிவு. ஒரு பிரிவு வழக்கமான சிகிச்சையில் தொடர்ந்தது. மற்றதை ஒரு மருத்துவர், நர்ஸ், உணவியல் நிபுணர் கொண்ட குழு பார்த்தது. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, புகை, உணவு, நடை என்று எல்லாவற்றையும் சேர்த்தே கவனித்தார்கள். ஏறத்தாழ எட்டு ஆண்டு கழித்து, 2003-இல் வந்த முடிவில் இதய, ரத்தக் குழாய் பாதிப்புகள் குழு பார்த்தவர்களிடம் பாதியாகக் குறைந்திருந்தன. அதன்பின் இரு பிரிவுக்கும் ஒரே சிகிச்சைதான் பரிந்துரைக்கப்பட்டது. ஆனாலும் 21 ஆண்டு கழித்துப் பார்த்தபோது குழு பார்த்த பிரிவினர் மற்றவர்களைவிட இடைநிலைக் கணக்கில் 7.9 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். கடுமையான சர்க்கரை இலக்கை அவர்களில் எட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் முன்னேறியதுதான் பலன் தந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்த ஆய்வுகள் அரிது.

சர்க்கரை நோய் உள்ள எல்லோருக்கும் இத்தகைய குழு தேவையில்லை. பெரிய சிக்கல் இல்லாதவருக்கு அக்கறையான குடும்ப மருத்துவர் ஒருவரே போதும். ஸ்டென்ட், பைபாஸ், மாரடைப்பு, ஹார்ட் ஃபெயிலியர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால், சிறுநீரகம் பாதிக்கப்பட ஆரம்பித்தால், ஓராண்டில் மறுபடி மறுபடி மருத்துவமனையில் சேர நேர்ந்தால் குழுவைத் தேடுவது நல்லது.

அப்படி ஒரு மையம் பக்கத்தில் இல்லாவிட்டால்?

குழுவின் முக்கிய வேலைகளில் சிலவற்றை நீங்களே கேட்டுப் பெறலாம். முதலில் ஒரே மருந்துப் பட்டியல். மருந்தின் வேதிப் பெயர், வியாபாரப் பெயர், அளவு, நேரம், எதற்காக, யார் எழுதியது, எப்போது தொடங்கியது. கடையில் நீங்களாக வாங்கியதும் அதில் இருக்க வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள். எதையாவது மாற்றினால் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் மருத்துவர்களில் ஒருவரிடம் நேராகக் கேளுங்கள்: 'டாக்டர், எல்லாவற்றையும் சேர்த்து நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?' தயங்க வேண்டாம், பலர் சம்மதிப்பார்கள். 'என் இதயத்தைக் காக்கும் சர்க்கரை மருந்து எனக்குப் பொருந்துமா?' என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பொருந்தாது என்றால் ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள், நியாயமான காரணம் இருக்கலாம்.

எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை போடுபவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே, பெரும்பாலும் மூன்று நாள், அதை நிறுத்தச் சொல்வார்கள். பல் மருத்துவர் முதல் கண் மருத்துவர் வரை யாரிடம் சிகிச்சைக்குப் போனாலும் இந்த மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுங்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று சாப்பிட முடியாத நாட்களிலும் அதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, வேகமான மூச்சு வந்தால் சர்க்கரை அளவு சுமாராக இருந்தாலும் அந்த அமிலத்தைக் காட்டும் கீட்டோன் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எவ்வளவு நல்ல குழு இருந்தாலும் சிலவற்றுக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. நெஞ்சு இறுக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், திடீரெனக் குப்பென்று வியர்த்து வரும் தளர்ச்சி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். போகும்போது அந்த மருந்துப் பட்டியலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.